சும்மா இருக்க முடியாத மூளை

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாயிற்று. இருந்தும் ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதையும் அமைதியாக இருப்பதையும் கடினமாக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) உள்ள ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் கால் தானாக ஆடத் தொடங்குகிறது, கட்ட மறந்த மின் கட்டணம் நினைவுக்கு வருகிறது, அதற்காக எடுத்த கைபேசியில் ஒரு மணி நேரம் கரைந்து, படுத்தபோது இருந்ததைவிடக் கூடுதலான அசதியோடு எழ நேர்கிறது. இதை மன உறுதிக் குறைவு என்று வீட்டார் சொல்வது அநியாயம்.

மூளை தன் விழிப்பையும் ஆர்வத்தையும் தக்கவைக்க டோபமைன் என்ற வேதிப்பொருளையும் நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டிக்கு மருந்து எடுத்திராத 53 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து, அக்குறைபாடு இல்லாத 44 பேருடன் ஒப்பிட்டபோது, வெகுமதியை உணரும் பகுதிகளில் டோபமைனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் குறைவாகத் தென்பட்டன. ஏடிஎச்டியை இது ஒன்றே விளக்கிவிடாது. ஆனாலும் வெறுமையாகக் கழியும் நேரம் இவர்களுக்கு ஏன் ஏறத்தாழ வலியைப் போல உறுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. தூண்டுதல் குறைந்ததும் மூளை அதைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது.

வேலையற்றிருக்கும்போது மூளை அணைந்துவிடுவதும் இல்லை. நாம் ஓய்ந்திருக்கையில் சுறுசுறுப்பாகும் ஒரு வலைப்பின்னலை மார்கஸ் ரெய்க்கிள் குழுவினர் 2001-இல் விவரித்தனர். நேற்றைய பேச்சையும் நாளைய கவலையும் அசைபோடுவது பெரும்பாலும் அங்கேதான். கவனம் தேவைப்படும் நேரத்தில் அடங்க வேண்டிய இந்த வலைப்பின்னல் ஏடிஎச்டியில் சரியாக அடங்குவதில்லை என்ற கருதுகோளை 2007-இல் சோனுகா-பார்க், காஸ்டெல்லானோஸ் இருவரும் முன்வைத்தனர். ஆகவே, ‘கண்ணை மூடி மனதைக் காலியாக்கு’ என்ற அறிவுரை, மனம் மிகுதியாக அலையும் இவர்களை அந்த அலைச்சலிலேயே தனியே விட்டுவிடுகிறது.

கைபேசியும் ஓய்வு தருவதில்லை. அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பை ஒவ்வொரு காணொளியும் புதுப்பிப்பதால் தேடல் முடிவதே இல்லை. தேவைப்படுவது, மூளை வேட்டைக்குப் போகாத அளவுக்கு மட்டும் சிறிய, சீரான தூண்டுதல். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கும்போதுதான் தன் தோள்கள் இறங்குவதாகச் சொல்வார்: கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அழுத்த, தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக் கிண்ணத்தில் விழுகிறது, பிறகு அடுத்தது. விரலுக்கு வேலை, மனதுக்கு அவசரமில்லை.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியும் இந்தக் காரணத்தாலேயே இவர்களுக்கு ஒத்துவரக்கூடும் என்று நினைக்கிறேன்: கைமுட்டியைச் சில விநாடிகள் இறுக்கி, சட்டென்று விட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், பின்னர் தோள், தாடை, பாதம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லிடியா சைலோவ்ஸ்கா குழுவினர் ஏடிஎச்டி உள்ளவர்களுக்காக அமைத்த 8 வாரத் தியானப் பயிற்சியும் 5 நிமிட அமர்வில்தான் தொடங்கியது, உட்கார முடியாதவர்கள் நடந்துகொண்டே செய்யலாம் என்றது. 2008-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, முடித்தவர்களில் பலர் தங்கள் அறிகுறிகள் குறைந்ததாகக் கூறினர்; ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய முயற்சி என்பதால், இதை ஒரு நல்ல தொடக்கமாகவே கொள்ள வேண்டும்.

பாய்க்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். மின் கட்டணம் நினைவுக்கு வந்தால் அதில் எழுதிவிட்டு, கைபேசியைத் தொடாமல் மறுபடி படுத்துக்கொள்ளலாம்.