அந்தக் காசு வாய்க்குள்ள போறதே இல்லீங்க

எதையாவது முழுங்கிப்போட்டு என்கிட்ட வந்த குழந்தைகள்ல, இந்த மே மாச லீவுல இது மூணாவதுங்க. ஞாயித்துக்கெழம பொழுதோட அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு எட்டு வயசுப் பையன தூக்கிட்டு வந்தாங்க, அப்புச்சி (அம்மாவோட அப்பா) ஊட்டுக்கு லீவுக்கு வந்தவன், யூடியூப்ல பாத்த வித்தைய மாமன் பசங்களுக்கு செஞ்சு காட்டிருக்கான். ஒரு ரூபாய முழுங்கி காதுல எடுக்கறது. முழுங்கற வரைக்கும் சரியாத்தான் செஞ்சிருக்கான்.

முன்னால குனிஞ்சு உக்காந்துட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர்ல எச்சில துப்பிட்டே இருந்தான். பேசறான், மூச்சு நல்லா விடறான், எச்சிதான் உள்ள எறங்க மாட்டேங்குது. அப்புச்சி சொல்றாரு, "ரெண்டு மணிக்கு முழுங்கிப்போட்டானுங்க, ரெண்டு பழம் குடுத்தோம், பாதிய கக்கிப்போட்டான், அப்பறம் சோத்த உருண்டையாட்ட உருட்டிக் குடுத்தோம், அதுக்கும் எறங்கலீங்க டாக்டரு." மணி அப்ப ஏழு.

இந்தப் பழத்தப் பத்தித்தான் நான் எழுதணும்னு உக்காந்தேன். இருவது வருசமா காது மூக்கு தொண்டை டாக்டரா இருக்கறேன், காசு முழுங்கிட்டு வர்ற குழந்தைகள்ல பாதிக்கு மேல பழம் சாப்ட்டுத்தான் வருதுங்க. படிச்ச ஊடு, படிக்காத ஊடுன்னு வித்தியாசமே இல்ல. போன வாரம் வந்த ஒரு அப்பா இஞ்சினியருங்க, அவரும் பழந்தான். சரி, யோசிச்சுப் பாருங்க. காசு சிக்கறது பெரும்பாலும் கழுத்தோட கீழ்ப்பக்கம், உணவுக்குழாய் ஆரம்பிக்கற எடத்துல, அங்கதான் வழி ரொம்ப ஒடுக்கம். சிக்குன காசு மேல பழம் போனா பழந்தான் தேங்கி நிக்கும், காசு அங்கயேதான் இருக்கும். அப்படித் தேங்குனது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா அது தனி வம்பு. இதோட முடியுதா, மயக்கம் குடுத்துத்தான் குழாய் விட்டு எடுக்கணும், வயிறு நெறஞ்சிருந்தா மயக்க டாக்டர் கைய வெக்க மாட்டாரு, அவர் செய்யறதுதான் சரி, மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குப் போனா காச விட அது பெரிய ஆபத்து. அதனால காசு மட்டுன்னா வழக்கமா சாப்ட்டதுல இருந்து ஆறு மணி நேரம் காத்திருக்கறோம். வெறும் வயித்தோட வந்திருந்தா அந்தப் பையனுக்கு ராத்திரி ஒம்பது மணிக்கெல்லாம் முடிச்சிருப்பேன், பழமும் சோறும் சேந்து நடுராத்திரியாக்கிப்போட்டுது. வெளக்கெண்ண குடுக்கறதும் வேண்டாம். காசு வயித்துக்குள்ள எறங்கிருச்சுன்னா பெரும்பாலும் அதுவே நாலஞ்சு நாள்ல வெளிய வந்துரும். ஆனா எறங்கிருச்சா இல்லையான்னு எக்ஸ்ரேதான் சொல்லணும், பக்கத்தூட்டு அம்மிணி சொல்லக்கூடாது.

வெரல உட்டு எடுக்கறது, தலகீழாப் புடிச்சு உலுக்கறது, உச்சந்தலையில தட்டறது, ஒண்ணும் வேண்டாங்க. சத்தமே வராம மூச்சு முட்டுனாலோ, நீலம் பாஞ்சாலோ மட்டும் உடனே முதுகுல தட்டணும், பெரிய குழந்தைன்னா பின்னால நின்னு மேல் வயித்த உள்ளயும் மேலயுமா அழுத்தணும், அதே நேரம் இன்னொருத்தர் 108க்கு அடிக்கணும். இருமிட்டே இருந்தா இரும உடுங்க.

அப்பறம் வித்தை. எனக்கு வித்தை மேல கோவமே கெடயாதுங்க, நானே செய்வேன், ஊசி போட வர்ற பொடுசுக அழுகைய நிறுத்த அத விட நல்ல மருந்து இல்ல. ஆனா இந்தப் பசங்களுக்கு ஒண்ண யாரும் சொல்லிக் குடுக்கல. மேடையில செய்யறவன் வாயில காசப் போடறதே இல்ல. வலது கை கட்டவெரலுக்கும் நடுவெரலுக்கும் நடுவுல காசப் புடிச்சுக்கறான், எடது கை அத எடுக்கறாப்ல வந்து மூடுது, மூடற நேரத்துல காசு வலது உள்ளங்கையில விழுந்து நடுவெரல் மோதிரவெரல் அடியில ஒளிஞ்சுக்குது. எடது கை வெறுங்கை. அந்த வெறுங்கையத்தான் வாய்கிட்ட கொண்டு போயி முழுங்கறாப்ல நடிக்கறான், அவன் கண்ணும் அந்தக் கை கூடவே போகுது, பாக்கறவங்க கண்ணும் அங்கயே போகுது. கண்ணாடி முன்னால நின்னு ஒரு வாரம் பழகுனா உங்களுக்கே வரும். பையன் பாத்த வீடியோவுல இதெல்லாம் இல்ல, முழுங்கறதும் காதுல எடுக்கறதும் மட்டுந்தான் இருந்துச்சு, நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவனா ஊகம் பண்ணிக்கிட்டான்.

பசங்க மட்டும் இல்ல. இங்கிலாந்துல கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை போட்ட இஞ்சினியர் இசம்பார்ட் கிங்டம் புருனல், 1843ல தன் குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது அரை சவரன் தங்கக் காசு மூச்சுக்குழாய்க்குள்ளயே போயிருச்சு. பிராடின்னு அந்தக் காலத்துப் பெரிய சர்ஜன் கழுத்துல துளை போட்டு இடுக்கி உட்டுப் பாத்தாரு, வரல. கடசியில அவர ஒரு பலகையில கட்டி தலகீழாக் கவுத்து உலுக்குனாங்க, காசு உள்ள போயி கிட்டத்தட்ட ஆறு வாரம் கழிச்சு வெளிய வந்துச்சு. இதப் படிச்சுப்போட்டு யாரும் புள்ளையக் கவுக்காதீங்க சாமி.

இப்ப சொல்லப்போறத மட்டுமாவது கவனமாப் படிங்க. இந்த லீவுல வந்த மூணு குழந்தைகள்ல ரெண்டாவதா வந்தது முழுங்குனது காசு இல்ல, பட்டன் பேட்டரி. அஞ்சு வயசுப் பாப்பா, அண்ணன் காச மறைக்கறதப் பாத்துட்டு தானும் செய்யணும்னு பாட்டுப் பாடற பொம்மையில இருந்து எடுத்திருக்கா. ஊட்டுல காசுதானேன்னு ஒண்ணரை நாள் காத்திருந்தாங்க, பழம் அங்கயும் உண்டு. 2019ல வந்த ஒரு ரூபா 20 மில்லிமீட்டர் அகலம், சிஆர்2032ன்னு போட்ட பேட்டரியும் அதே 20தான், தடிப்பு 3.2 மில்லிமீட்டர், அந்த நம்பரே அதத்தான் சொல்லுது. ரெண்டுமே கண்ணுக்குப் பளபளன்னு வெள்ளி நெறம். எக்ஸ்ரேல பேட்டரின்னா வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம் தெரியும், அதப் பாத்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். பேட்டரி உடைஞ்சு ஒழுகணும்னு இல்ல, ஈரம் பட்டாலே கரண்ட் ஓடி அந்த எடத்துல அரிக்கற காரப்பொருள் உண்டாகி சதைய வேக வெச்சுரும், ரெண்டு மணி நேரம் போதும். தீந்து போன பேட்டரியும் செய்யும். அந்தப் பாப்பாவக் கோயமுத்தூருக்கு அனுப்பிச்சோம், இன்னும் மூக்கு வழியா போட்ட குழாய்லதான் பால் போகுது.

அதனால முழுங்குனது பேட்டரியா இருக்கலாம்னு லேசா சந்தேகம் வந்தாலே கெளம்பிருங்க. ஒரு வயசுக்கு மேல, முழுங்கி பன்னண்டு மணி நேரம் ஆகலைன்னா, குழந்தையால முழுங்க முடிஞ்சா, போற வழியில பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல வேண்டாம். தேனால வயிறு நெறயுமேன்னு இதுல மட்டும் கவலப்படாதீங்க. ஆனா தேன் வாங்கக் கடை தேடி நேரத்தக் கடத்தாதீங்க, அது அரிப்பக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

இந்த ஆபத்துல காந்தமும் சேத்திதான். மேசைக்கு அடியில காந்தத்த வெச்சுக் காச ஓட வெக்கற வித்தைக்கு இப்ப குட்டிக் குட்டிக் காந்தமா விக்கறாங்க. ரெண்டு உள்ள போச்சுன்னா குடலுக்கு ரெண்டு பக்கம் நின்னு ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கற சதையில ஓட்டை போட்டுரும். மூக்குக்கு ரெண்டு பக்கம் வெச்சு மூக்குத்தின்னு விளையாடுன ஒரு பொண்ணுக்கு நான் எடுத்து உட்டிருக்கேன், கழட்டறதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு.

பசங்க கையில ரப்பர் பேண்டக் குடுங்களேன். ஆள்காட்டி, நடுவெரல் ரெண்டுலயும் மாட்டிக்கோ, கைய மூடும்போது நாலு வெரல் நுனியும் ரப்பருக்குள்ள போகட்டும், தொறந்தா அது மோதிரவெரலுக்கும் சுண்டுவெரலுக்கும் தாவிரும். அரை மணி நேரத்துல வந்துரும், ஒரம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் கை தட்டுவாங்க. தூங்கப் போறதுக்கு முன்னால ரப்பரக் கழட்டிருங்க, அவ்வளவுதான். அஞ்சு வயசுக்குள்ள பொடுசு இருக்கற ஊட்டுல காசு வித்தையே வேண்டாம், நீங்களும் செய்யாதீங்க, அதுக பாத்துட்டேதான் இருக்கும்.

அந்தியூர்ப் பையனுக்கு ராத்திரி ஒரு மணிக்குக் காச எடுத்தோம், மூணு நிமிச வேலை. கறுத்துப் போயிருந்துச்சு. வெளிய நின்ன அவன் அமுச்சி (அம்மாவோட அம்மா) என் கையப் புடிச்சுட்டு, "அதக் குடுங்க சாமி, பண்ணாரி அம்மனுக்குப் போட்டுடறேன்னு வேண்டிக்கிட்டேன்"ன்னாங்க. கழுவி துணியில சுத்திக் குடுத்தேன், முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.