வாய் நாறினால் வயிற்றைத் திட்டாதீர்கள்

"இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன், அப்படியும் வாய் நாறுகிறது. வயிற்றுப் புண்ணாக இருக்குமோ?" வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இருக்கும் தசை வளையம், விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் திறக்கும்; மற்ற நேரம் மூடியே கிடக்கும். நாள்பட்ட வாய் நாற்றத்தோடு வருகிறவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குக் கோளாறு வாய்க்குள்ளேதான். ஆனாலும் 'குடல் சுத்தம்' செய்யும் சூரணங்களுக்கு இங்கே வியாபாரம் குறைவதாகத் தெரியவில்லை.

சொத்தைப் பல், ஈறு வீக்கம், கழற்றிக் கழுவாத பல் செட் இவையெல்லாம் தெரிந்த சங்கதி. பலர் கண்டுகொள்ளாத இடம், நாக்கின் பின்பகுதி. நாக்கின் நுனி பல்லிலும் அண்ணத்திலும் உரசி ஓரளவு தானே சுத்தமாகிவிடும். பின்பகுதிக்கு அந்த உரசல் குறைவு. அங்குள்ள நுண்ணிய முகைகளின் இடுக்கில் உதிர்ந்த செல்களும், மூக்கின் பின்புறமிருந்து இறங்கும் சளியும் சேர்ந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிகின்றன.

அந்தப் படிவுக்குள் நடப்பது அருமையான கூட்டுத் தொழில். மேலடுக்கில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் காலி செய்துவிடுகின்றன. ஆக்சிஜன் ஆகாத போர்ஃபைரோமோனாஸ், பிரிவோட்டெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவை அடியில் நிம்மதியாகக் குடியேறுகின்றன. இவற்றுக்கு வேண்டியது புரதம். உமிழ்நீரிலும் சளியிலும் மியூசின் என்ற புரதம் நிறைய உண்டு. ஆனால் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருப்பதால் எளிதில் கடிபடாது. மேலடுக்குக்காரர்கள் அந்தச் சர்க்கரையை நொதியால் வெட்டித் தின்கிறார்கள். போர்வை போன புரதம் அடியில் இருப்பவர்களுக்கு விருந்து. அதிலுள்ள சிஸ்டீன் என்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உடைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாற்றம். அதே வகை மெத்தியோனின் உடைந்தால் மெத்தில் மெர்காப்டன், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். ஈறு நோய் உள்ளவர்களிடம் இது தூக்கலாக இருக்கும். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு இவற்றைப் பிடித்துவிடும்.

இதையெல்லாம் அலசி விடுவது உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். காலை நாற்றம் அதனால்தான். விரதம், வாயால் மூச்சு விடுதல், அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள் இவையும் வாயை உலர்த்தும்.

ஆகவே வழிக்க வேண்டியது நாக்கை. டங் கிளீனரை எட்டும் மட்டும் உள்ளே வைத்து, அழுத்தாமல் முன்னோக்கி நான்கைந்து முறை இழுத்து, ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம். குமட்டினால் நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி இழுங்கள். பிரஷ் நுழையாத பல்லிடுக்குக்கு தினம் ஒருமுறை ஃப்ளாஸ் நூல். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் பல்லில் இறுகிப் படிந்த காறையை எடுத்தே ஆக வேண்டும்.

மவுத்வாஷ் வாங்கினால் ஜிங்க் கலந்ததா என்று பாருங்கள். ஜிங்க் அயனி கந்தகத்தைப் பிடித்து, ஆவியாகாத, கரையாத உப்பாக மாற்றிவிடும். வெறும் புதினா வாசம் நாற்றத்தை மூடுகிறதே தவிர எடுப்பதில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷ் வலுவானது, மருத்துவர் சொன்னால் மட்டும், ஓரிரு வாரத்துக்கு. நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் சுவை மாற்றம். பேஸ்டின் நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைப்பதால், பல் துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளிப்பது நல்லது.

பூண்டு கதை வேறு. அதன் அல்லைல் மெத்தில் சல்பைடு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளிவரும். எத்தனை முறை கொப்பளித்தாலும் சில மணி நேரம் பொறுத்தே ஆக வேண்டும்.

நாக்கும் ஈறும் சுத்தமாக இருந்தும் நாறினால் டான்சில் கற்கள், சைனஸ் தொல்லையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாசனையோ நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனையோ வந்து, கூடவே வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால் உடனே மருத்துவமனை. சிறு குழந்தைக்கு ஒரு மூக்குத் துளையிலிருந்து மட்டும் நாற்றமும் சளியும் வந்தால், உள்ளே பயறோ பாசிமணியோ சிக்கியிருக்கக்கூடும். வீட்டில் இடுக்கி போட்டு நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.