சோப்ஸ்டோன்: தமிழில் மாக்கல், ஆனால் எப்போதும் அல்ல

ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் சிற்பங்களைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் எதிர்ப்படும் சொல் சோப்ஸ்டோன். இதைச் சிலர் 'சோப்புக் கல்' என்று எழுதிவிடுகிறார்கள். தேவையே இல்லை. கல்சட்டி குடைகிற மாக்கல்தான் இது.

தொட்டால் சோப்பு போல வழுக்கும், அதனால் ஆங்கிலப் பெயர் அப்படி. ஸ்டியடைட் என்ற இன்னொரு பெயரும் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழ்க்காரர் தொட்டதோடு விடவில்லை, சுரண்டியும் பார்த்திருக்கிறார். ஆணியால் கீறினால் மாவாக உதிர்கிறது. மா, கல், மாக்கல். உள்ளே டால்க் என்ற மென்மையான கனிமம் நிறைய இருப்பதே காரணம்.

இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் இது உக்குசிக்சாக். உக்குசிக் என்றால் சமைக்கும் பானை. 'சாக்' சேர்ந்தால் அதைச் செய்வதற்கான பொருள். அதாவது, சட்டியாகப் போகிற கல்! கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்கு வடமேற்கே இந்தக் கல் கிடைக்கும் இடத்துக்கே உக்குசிக்சாலிக் என்று பெயர். இன்று அது தேசியப் பூங்கா. சீல் கொழுப்பில் எரியும் குல்லிக் என்ற அரைநிலா வடிவ விளக்கையும் இந்தக் கல்லில்தான் குடைந்தார்கள்.

அப்புறம் 1948-இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊருக்குப் போனார். அந்தப் பக்கத்துச் சிற்பங்கள் 1949 நவம்பரில் மான்ட்ரியலில் விற்பனைக்கு வந்து மூன்றே நாளில் தீர்ந்தன. அதிலிருந்து வடக்கே செதுக்கிய எந்தக் கல்லுக்கும் சோப்ஸ்டோன் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. குழப்பம் இங்கேதான்.

கியூபெக்கின் இன்னொரு ஊரான புவிர்னிடுக்கில் கிடைத்தது மென்மையான சாம்பல் கல். வேட்டைக் காட்சியை நுணுக்கமாகச் செதுக்கி, மேலே கருமை ஏற்றுவார்கள். இது மாக்கல்லேதான். கிங்ஙெய்ட் ஊர், அதாவது பழைய கேப் டோர்செட், வேறு. அங்கே பெரும்பாலும் செர்ப்பன்டைன் என்ற பச்சை நிறக் கல். கடினமானது, நன்றாக மெருகேறும். பறவையின் இறக்கையை மெல்லிசாக இழுத்தாலும் தாங்கும். ஆர்வியட் என்ற ஊரின் சாம்பல் கல்லோ உளிக்கு எளிதில் மசியாது. அதனால் நுணுக்கத்தை விட்டுவிட்டார்கள்: கல் கல்லாகவே இருக்க, அங்கங்கே ஒரு முகம் மட்டும் புடைத்து நிற்கும். எனக்குப் பிடித்தவை இவைதான்.

சரி, செர்ப்பன்டைனைத் தமிழில் எப்படிச் சொல்வது? அப்படியே எழுதுவேன். அந்தப் பெயரில் பாம்பு இருக்கிறதே என்று 'பாம்புக்கல்' என்றால் நம் ஆட்கள் விஷக்கடி வைத்தியத்துக்குப் போய்விடுவார்கள்.