சுப்பீரியர் ஏரியின் கூழாங்கல் கரையை யார் அடுக்கினார்கள்?

சுப்பீரியர் ஏரிக்குப் போய் மணலில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பக்கம் இருக்கும் அதன் கரைக்குப் போகக்கூடாது. டுலூத் நகரத்திலிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில், ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டே ஏறக்குறைய 175 கிலோமீட்டர் வடகிழக்கே போனால் கிராண்ட் மரே என்ற சின்னத் துறைமுக ஊர் வரும். அங்கே கரை முழுக்கக் கல். கறுப்பு, சாம்பல், செங்கல் நிறம், இளஞ்சிவப்பு என்று விதவிதமாக, உருண்டு திரண்டு கிடக்கும். கோடையில் காற்றில்லாத ஒரு காலையில் போனால் தண்ணீர் அசையவே அசையாது. எட்டு மீட்டர் ஆழத்துக் கல்கூடச் சில நாட்களில் தெளிவாகத் தெரியும். இவ்வளவு அமைதியான இடத்தில் இந்தக் கற்களை யார் உருட்டினார்கள், பெரியதைத் தனியாகவும் சிறியதைத் தனியாகவும் யார் பிரித்து வைத்தார்கள் என்ற கேள்வி யாருக்கும் வரும்.

வேலை செய்தது அந்த அமைதியான தண்ணீர் இல்லை. நாம் யாரும் கரையில் நிற்க விரும்பாத சில நாட்கள்தான் இந்தக் கரையைக் கட்டுகின்றன.

முதலில் கல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கியது. பிளவு முழுமையடைந்திருந்தால் அங்கே ஒரு பெருங்கடலே வந்திருக்கும், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிமலைக் குழம்பைக் கொட்டிவிட்டு அது பாதியில் நின்றுபோனது. குழம்பின் எடை தாங்காமல் தரை அமிழ்ந்து பள்ளமானது. பிறகு பனியுகங்களில் பனிப்பாளங்கள் அந்தப் பள்ளத்தில் இருந்த மென்மையான படிவுப் பாறைகளைத் தோண்டி எடுத்தன. கடைசிப் பனிப்பாளம் பின்வாங்கியது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஏரியின் அதிகபட்ச ஆழம் 406 மீட்டர், நீர்மட்டமோ கடல்மட்டத்துக்கு மேலே 183 மீட்டர்தான், ஆகவே அடிப்பகுதி கடல்மட்டத்தைவிட 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பரப்பளவு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான்.

அந்தப் பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறைதான் இன்றும் கரையில் நிற்கிறது. கறுப்பாக இருப்பது பசால்ட், இளஞ்சிவப்பாக இருப்பது ரயோலைட். குழம்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது, அலையும் வந்து முட்டுகிறது, பாறை கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. விழும்போது ஒவ்வொன்றுக்கும் கூரான முனைகள் இருக்கும்.

ஏன் மணல் இல்லை? நாம் காணும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் துகள். பசால்ட்டில் குவார்ட்ஸ் கிட்டத்தட்டக் கிடையாது, அது தேய்ந்தால் மாவாகிச் சேறாகத்தான் போகும், அந்த மாவை அலை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஏரியின் தென்கரையில் மணற்கல் பாறைகள் இருக்கின்றன, அதனால் அங்கே அழகான மணற்கரைகள் உண்டு. டுலூத்திலேயே 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு கிடக்கிறது. ஒரே ஏரி, ஒரே அலை, பாறை மாறியதால் கரையே மாறிவிட்டது.

சரி, முனை முனையாக விழுந்த கல் எப்படி உருண்டையானது? கல் இன்னொரு கல்மேல் மோதும்போது அடி முதலில் விழுவது துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில். ஹங்கேரியக் கணிதவியலாளர் காபோர் டொமோகோஷும் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் டக்ளஸ் ஜெரோல்மாக்கும் மற்றவர்களும் 2014இல் ஆற்றுக் கற்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேய்மானம் இரண்டு கட்டமாக நடக்கிறது என்பது அதன் சாரம். முதல் கட்டத்தில் முனைகள் மட்டும் மழுங்கும், கல்லின் மொத்த அளவு அவ்வளவாகக் குறையாது. முனைகள் எல்லாம் போன பிறகுதான் கல் சிறிதாகத் தொடங்கும். ஏரிக்கரையிலும் அடிப்படை இதுதான், கல்மேல் கல் மோதுகிறது. கறுப்புக் கல் ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நல்ல கெட்டியான கல்லாக இருந்தால் மேற்பரப்பில் நகக்கீறல் போலப் பிறை வடிவில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும். ஒவ்வொரு தழும்பும் ஒரு மோதல். அப்படி மோதுகிற வேகத்தில் கல் பறக்க வேண்டுமென்றால் அதற்குக் கோடைக்காலச் சிற்றலை போதவே போதாது.

அந்த வேகம் வருவது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். கோடை முழுக்கச் சூடேறிய ஏரியின் மேல் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும்போது புயல்கள் வலுவடைகின்றன. ஏரி கிழக்கு மேற்காக 560 கிலோமீட்டர் நீளம். வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அலையைத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த நீர் கிடைக்கிறது. 2017 அக்டோபரில் தென்கரையில் மார்க்கெட் என்ற நகரத்தை ஒட்டிய மிதவைக் கருவி ஒன்று சுமார் 8.8 மீட்டர் அலை உயரத்தைப் பதிவு செய்தது. எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இரும்புத்தாதுக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது 1975 நவம்பர் 10 அன்று. இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஏரியின் நீர்மட்டம் வருடத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஏறி இறங்கும், அது உச்சத்தில் இருப்பது கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது. தண்ணீர் உயர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் புயலும் வருவதால் அலை கரையின் மேல்மட்டம் வரை ஏறிவிடுகிறது.

இனி அடுக்கும் வேலை. கரையைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மணற்கரையில் ஏறிய அலை கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வரும், வரும்போது மணலையும் இழுத்துக்கொண்டு வரும், அதனால் கரை சில பாகை மட்டுமே சாய்ந்து தட்டையாகக் கிடக்கும். கூழாங்கல் கரையில் ஏறிய தண்ணீர் கற்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. மேலே ஏறும்போது பலம் அதிகம், கீழே இறங்கும்போது பலம் குறைவு. மேலே தள்ளப்பட்ட கல்லைத் திரும்ப இழுத்து வர ஆள் இல்லை. அதனால்தான் கல் கரை 10 பாகைக்கும் மேல் சாய்வாக எழுந்து, உச்சியில் ஒரு வரப்பு மாதிரி நிற்கிறது. அந்த வரப்பில்தான் பெரிய கற்களும், வெளுத்துப்போன மரக்கட்டைகளும் இருக்கும். அவற்றை அங்கே கொண்டுபோக ஒரு பெரும் புயலால்தான் முடியும், திருப்பிக் கொண்டுவர இன்னொரு பெரும் புயல் வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தும் பிரிவினை நடக்கிறது. தட்டையான கல்லை அலை தூக்கி வீசினால் அது விழுந்த இடத்தில் படிந்து நின்றுவிடும். உருண்டையான கல் சரிவில் திரும்ப உருண்டு வந்துவிடும். ஆகவே மேலே தட்டைகள் அதிகம், நீர் ஓரத்தில் உருண்டைகள் அதிகம். தட்டைகள் கூட்டமாகக் கிடக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எல்லாம் ஏரியை நோக்கிச் சரிந்தபடி வரிசையாக நிற்பது தெரியும். அலை எந்தப் பக்கமிருந்து தள்ளியதோ அந்தப் பக்கம் சரிந்தால்தான் அடுத்த அலையில் புரளாமல் தாக்குப்பிடிக்க முடியும்.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். கிராண்ட் மரே துறைமுகத்தின் கிழக்கே ஆர்ட்டிஸ்ட்ஸ் பாயின்ட் என்ற எரிமலைப் பாறை முனை இயற்கையாகவே தடுப்பாக நிற்கிறது, அதோடு அலைத்தடுப்புச் சுவர்களும் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைமுனையே ஒரு காலத்தில் தனித்தீவாக இருந்தது, அலை கொண்டுவந்து போட்ட கற்கள்தான் அதைக் கரையோடு இணைத்தன. வெளியே வரும் பெரிய அலை தடுப்பின் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும்போது விசிறியாக விரிந்து பலம் இழந்துவிடுகிறது. இதனால் உள்கரையில் சின்னக் கற்கள், வெளிக்கரையில் பெரிய கற்கள். உள்ளே நீருக்கடியில் கிடக்கும் கல்லைத் தொட்டால் வழுக்கும், மெல்லிய பாசிப் படலம் ஒட்டியிருக்கும். பாசி பிடித்த கல் சமீபத்தில் உருளவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். வெளிக்கரையில் அலை அடிக்கும் இடத்துக் கற்கள் சுத்தமாக இருக்கும்.

காற்றே இல்லாத நாளிலும் துறைமுகத்துக் கற்களில் ஈரக்கோடு மேலும் கீழும் நகர்வதைக் கவனிக்கலாம். இது கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது போன்ற ஓதம் இல்லை, சுப்பீரியரில் ஓதம் சில சென்டிமீட்டர்தான். ஏரியின் ஒரு மூலையில் காற்றோ காற்றழுத்தமோ தண்ணீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு விட்டுவிட்டால், அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்திப் போகும்போது அலம்புவதைப் போல மொத்த ஏரியும் இங்குமங்கும் அலம்பும். ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 8 மணி நேரம். துறைமுகம் சின்னதாக இருப்பதால் அதற்குள் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் தனி அலம்பலும் உண்டு.

தண்ணீரில் காலை வைத்தால் ஜூலையிலும் விறைத்துப்போகும். சில நாள் பரவாயில்லாமல் இருக்கும், மறுநாளே பல்லைக் கிட்டும். தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி அடிக்கும்போது, பூமி சுழல்வதால் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது கரையிலிருந்து விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து 4 பாகை செல்சியஸ் அளவிலான நீர் மேலே வருகிறது. வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் தண்ணீர் திடீரென்று பனிக்கட்டியாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், சிறு படகோட்டிகள் இதை நிச்சயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கல் பொறுக்குகிறவர்கள் தேடுவது அகேட். எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழிகள் விட்டுப்போன பொந்துகளுக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, படலம் படலமாகப் படிந்து இறுகியது அது. இரும்பு கலந்ததால் சிவப்புப் பட்டைகள். 1969இல் மினசோட்டா இதைத் தன் மாநில மணிக்கல்லாக அறிவித்தது. சுற்றியுள்ள பசால்ட் தேய்ந்து போனாலும் அகேட் அதைவிடக் கடினம் என்பதால் தங்கிவிடுகிறது. சூரியனைப் பார்த்தபடி நீர் ஓரமாக நடந்தால் ஒளி ஊடுருவி அது மட்டும் மினுங்கும். ஈரமாக இருக்கும்போது அழகாகத் தெரிந்த கல் வீட்டுக்கு வந்ததும் வெளுத்துப்போகிறதே என்று பலர் வருத்தப்படுவார்கள். காய்ந்த கல்லின் சொரசொரப்பு வெள்ளொளியை எல்லாத் திசையிலும் சிதறடித்து நிறத்தை மங்கடிக்கிறது, நீர்ப்படலம் அந்தச் சொரசொரப்பை நிரப்பி ஒளியைக் கல்லுக்குள் போகவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சில இடங்களில் கல் எடுக்கக்கூடாது. டுலூத் பக்கம் திரும்பி வரும் வழியில், ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அயோனாஸ் பீச் என்ற பாதுகாக்கப்பட்ட கரை இருக்கிறது. முழுக்க இளஞ்சிவப்பு ரயோலைட் தட்டைகள். அலை பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஒலிக்கும், அந்தச் சத்தத்துக்காகவே போகலாம். அந்தக் கற்கள் அத்தனைக்கும் மூலம் பக்கத்தில் நிற்கும் ஒரே ஒரு ரயோலைட் செங்குத்துப் பாறைதான். அது உதிர்க்கும் வேகத்தைவிட வேகமாக மக்கள் பையில் போட்டால் கரை மெலியும்.

கரைக்கு இன்னொரு காவலும் உண்டு, குளிர்காலப் பனிக்கட்டி. துறைமுகங்களும் கரையோரமும் உறைந்துவிட்டால் ஜனவரி, பிப்ரவரி அலைகள் கற்களைத் தொட முடியாது. ஏரி சூடாகி வருகிறது, 1970களோடு ஒப்பிட்டால் ஏரியை மூடும் பனிக்கட்டி குறைந்திருக்கிறது. முன்பு நவம்பரோடு முடிந்துபோன கல் நகர்த்தும் வேலை, பனி சரியாகக் கட்டாத வருடங்களில் குளிர்காலம் முழுக்க நீள்கிறது. வரப்பு பின்னோக்கி ஏறுவதற்கு இடமிருந்தால் கவலையில்லை, ஆனால் இந்தக் கரையில் பல இடங்களில் வரப்புக்குச் சற்றுப் பின்னாலேயே 61ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது.