மன்னிப்பு: பொறுப்பதா, விடுவதா?

கொடைக்கானலில் எங்கள் வீட்டு இரவுச் செபத்தை அத்தையும் நானும் சேர்ந்துதான் சொல்வோம். அத்தை கத்தோலிக்கர், சலேத் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபை. கர்த்தர் கற்பித்த செபத்தில் வார்த்தைகள் அங்கங்கே இடறினாலும் சமாளித்துவிடுவோம். ஒரு வரியில் மட்டும் முழுசாகப் பிரிந்துவிடுவோம். அத்தை “எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்பார். நான் “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்பேன்.

இதில் எது தமிழ்? ‘மன்னிப்பு’ உருதுச் சொல், ‘மாஃப்’ என்பதிலிருந்து வந்தது, அதை விட்டுவிட்டுப் ‘பொறுத்தருள்க’ என்று சொல்லுங்கள் என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வழி சரியாகப் படவில்லை. தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’ என்று இதே சொல் இருக்கிறது. இரண்டு மொழியிலும் அதற்குப் பிழையைப் பொறுப்பது என்பதோடு மதிப்பது என்றும் பொருள் உண்டு. மானியம், சன்மானம் எல்லாம் பிறந்த வடமொழி வேரோடு இதைச் சேர்ப்பதுதான் பொருந்துகிறது. ‘மன்னுதல்’, அதாவது நிலைத்திருப்பது, வேறு சொல்.

அப்போது தமிழ்ச் சொல் எது? சந்தேகமில்லாமல் ‘பொறுத்தல்’தான். பொறு என்றால் சுமப்பது, தாங்குவது. பொறுப்பு, பொறுமை, பொறை எல்லாம் அந்தக் குடும்பம். பொறை என்றால் சுமை. பழந்தமிழில் மலைக்கும் அதே பெயர்தான். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறி வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். குறளில் 16-ஆம் அதிகாரமே பொறையுடைமை. தோண்டுகிறவனையும் தாங்கும் நிலம்போல இரு என்று தொடங்கி, அடுத்த குறளில் “பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று” என்கிறார் வள்ளுவர். இங்கே இறப்பு என்பது சாவு இல்லை, வரம்பு மீறிச் செய்த பிழை.

ஆனால் குடும்பத்துக்குள் இந்த நல்ல சொல் படும் பாடு இருக்கிறதே! “பொறுத்துப் போம்மா” என்பதை எப்போதும் மருமகளிடம்தான் சொல்கிறார்கள். மகனிடம் சொல்லி நான் கேட்டதில்லை. சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, “ஏழுதரமா?” என்று பேதுரு கேட்டதற்கு இயேசு “ஏழெழுபதுதரமட்டும்” என்று சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். அது மத்தேயு 18-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் முன்னால், குற்றம் செய்தவனிடம் தனியே போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல் என்று இருப்பது மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு சுமப்பதைப் பொறுமை என்று வேண்டுமானால் சொல்லலாம். வேதம் கேட்கிற மன்னிப்பு அதுவல்ல.

சுவிசேஷம் எழுதப்பட்ட கிரேக்கத்தில், அந்தச் செபத்தின் வரியில் வருவது ‘அஃபியேமி’ என்ற வினை. அதன் நேர்ப்பொருள் விடுவது. கடனை விடுவது மட்டுமில்லை. பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் போனார்களே, அங்கேயும் இதே வினைதான். பேதுருவின் மாமியாருக்கு ஜுரம் விட்டதற்கும் மத்தேயு இதையேதான் எழுதுகிறார். அப்படியென்றால் கிரேக்கத்துக்கு நெருங்கிய தமிழ் மன்னியும் இல்லை, பொறுத்தருளும் இல்லை. நாம் அடுப்படியில் சொல்லும் “சரி, விடு”தான்.

போன வருஷம் ஊறுகாய்க்குப் பூண்டு உரித்தேன். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பூண்டுக் கட்டுகளில் ஒன்றை இறக்கி, பாதிக்குமேல் உரித்து முடித்த பிறகுதான் அத்தை வந்து பார்த்தார். அது விதைக்கு வைத்த மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. விதைக்கென்று வாங்கப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்பது இங்கே தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும். அத்தை திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். செபம் மட்டும் சேர்ந்து சொன்னோம். அந்த வரி வரும்போது என் தொண்டை அடைத்தது. “பொறுத்தருளும்” என்று அத்தை கொஞ்சம் அழுத்திச் சொன்னதுபோலவும் இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இடையில் இன்னொரு சொல்லும் உண்டு, ஒப்புரவு. குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வது. கிறிஸ்தவர்கள் அதைப் பிரிந்தவர்கள் ஒன்றுசேர்வதற்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, இன்று ஒப்புரவு அருட்சாதனம் ஆகியிருக்கிறது. சலேத் மாதாவுக்கே பாவிகளை ஒப்புரவாக்கும் அன்னை என்று பெயர். 1846-இல் பிரான்ஸ் நாட்டு மலை ஒன்றில், மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு அழுதபடி காட்சி கொடுத்த மாதா. “காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு” என்ற வேத வசனத்தை அத்தை ஆகஸ்டு திருவிழாவுக்கு முன்னால் தவறாமல் சொல்வார், பெரும்பாலும் மாமாவைப் பார்த்து.

மூன்றாம் நாள் ராத்திரி நானே போய், “தெரியாமல் செய்துவிட்டேன் அத்தை, கேட்டிருக்கணும்” என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. வீட்டுக்குள் அதை யார் சொல்கிறார்கள்? பிள்ளைகள்கூட ஸாரிதான். அத்தை தட்டைக் கழுவிக்கொண்டே, “சரி விடு, கஞ்சி ஆறுது பாரு” என்றார்.

மறுநாள் காலையில் அடுப்புக்கு மேலே மிச்சமிருந்த விதைப்பூண்டுக் கட்டுகளில் ஒன்றுவிடாமல் சிவப்புத் துணி கட்டியிருந்தது.