பப்ளிஷ் அமுக்கியாச்சு, ஆனா யாருக்குத் தெரியும்?

சைட் நடத்துறவங்ககிட்டேர்ந்து எனக்கு வர்ற கம்ப்ளெயின்ட்ல நிறைய ஒரே அச்சுதான். “நியூஸ் போட்டு முக்கா மணி நேரமாச்சு சார், சைட்ல நல்லா தெரியுது, ஆனா ஃபீட் ரீடர்ல, நம்ம ஆப்ல எல்லாம் இன்னும் காலைல போட்டதுதான் மேல நிக்குது, சர்வர் ஸ்லோவா?” சர்வர் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பப்ளிஷ் அமுக்கினது உங்களுக்கும் உங்க சர்வருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியில இருக்கறவன் அடுத்த தடவை வந்து எட்டிப் பாக்குற வரைக்கும் புதுசா ஒண்ணு வந்திருக்குன்னே அவனுக்குத் தெரிய வழியில்ல.

ஆர்எஸ்எஸ் ஆகட்டும் ஆட்டம் ஆகட்டும், ஃபீடுங்கறது உங்க சைட்ல புதுசா வந்ததைப் பட்டியல் போட்டு வெச்சிருக்கற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அவ்வளவுதான், அதுவா யாரையும் கூப்பிடாது. அதைப் படிச்சுக் காட்டற ரீடர் ஆப்தான் வந்து வந்து பாக்கணும், இதத்தான் போலிங்னு சொல்றோம். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சா ஒரு ரீடர் ஒரு நாளைக்கு 96 தடவை வரும், நூறு ரீடர் இருந்தா 9,600 ரிக்வெஸ்ட், அன்னிக்கு நீங்க போட்டது என்னவோ ரெண்டே ரெண்டு போஸ்ட். ஃபீட் மாறிச்சா இல்லையான்னு காட்டற ஈடேக், லாஸ்ட் மாடிஃபைட் ஹெடர் எல்லாம் சரியா வெச்சிருந்தா மாத்தம் இல்லாதப்ப 304ன்னு ஒரு வரில பதில் சொல்லி அனுப்பிடலாம், பேண்ட்வித்தாவது மிச்சமாகும். ஆனா நான் பாக்குற சைட்ல பாதிக்கு மேல அதுகூட இருக்காது, ஒவ்வொரு தடவையும் முழு ஃபீடையும் தூக்கிக் குடுத்துட்டு ஹோஸ்டிங் பில் ஏறிப்போச்சேன்னு புலம்புவாங்க.

பெரிய இடத்துலயே இந்தக் கதை நடந்திருக்கு. 2008 ஜூலைல ஒரே நாள்ல, பல சைட் அப்டேட்டை ஒரே இடத்துல சேத்துக் காட்டின ஃப்ரெண்ட்ஃபீட், போட்டோ சைட்டான ஃப்ளிக்கரைக் கிட்டத்தட்ட 29 லட்சம் தடவை தட்டியிருக்கு. எதுக்குன்னு பாத்தா, 45 ஆயிரத்துச் சொச்சம் பேர் புது போட்டோ போட்டாங்களான்னு பாக்க. அதுல அன்னிக்குப் போட்டிருக்க வாய்ப்பிருந்தவங்களே 6 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். வாசல்ல தபால்காரர் வந்தா பெல் அடிப்பார்னு இல்லாம, நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் தெறந்து பாத்துக்கிட்டு உக்காந்த மாதிரி.

இதுக்கு மாத்து வழி புதுசு ஒண்ணும் இல்ல. ப்ளாக் எழுதின பழைய ஆளுங்களுக்கு பிங் ஞாபகம் இருக்கும், வெப்லாக்ஸ் டாட் காம் தளத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கால் போகும், “இங்க புதுசா இருக்கு வந்து பாரு”ன்னு. பல ப்ளாக்ல வர்றதை ஒரே இடத்துல சேத்துக் காட்டின நம்ம தமிழ்த் திரட்டி தமிழ்மணத்துக்கும் போஸ்ட் போட்ட கையோட அந்தக் கருவிப்பட்டைல அனுப்புன்னு ஒரு க்ளிக் பண்ணின தலைமுறை இருக்கு. பிங்ல இருந்த சிக்கல், அது திரட்டி வரைக்கும்தான் போகும், திரட்டியும் மறுபடி உங்க ஃபீடை வந்து இழுக்கணும், அப்புறம் அதைப் படிக்கிற மத்தவங்க திரட்டியைப் போய்ப் போய்ப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஸ்பேம் பிங் வேற வெள்ளமா வந்துச்சு. 2009ல கூகுள்ல இருந்த ப்ராட் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் ப்ரெட் ஸ்லாட்கினும் சேந்து பப்சப்ஹப்பப்னு ஒரு ப்ரோட்டோகால் கொண்டு வந்தாங்க, பேர் வாயில நுழையாதுன்னாலும் ஐடியா சுத்தமான ஐடியா. அதுதான் வெப்புக்கு ஸ்டாண்டர்ட் வகுக்கற டபிள்யு3சி அமைப்போட கைக்குப் போயி 2018 ஜனவரில வெப்சப்ங்கற பேர்ல ஸ்டாண்டர்ட் ஆச்சு.

வேலை செய்யற விதம் இதுதான். உங்க ஃபீட்ல ரெண்டு லிங்க் இருக்கணும், ஒண்ணு ஹப், இன்னொண்ணு செல்ஃப். ஹப்ங்கறது நடுவுல இருக்கற சர்வர், செல்ஃப்ங்கறது உங்க ஃபீடோட சரியான முகவரி. ரீடர் ஃபீடைப் படிக்கும்போது ஹப் லிங்கைப் பாத்து அங்க போயி “இந்த ஃபீட்ல ஏதாவது மாறினா என்னோட இந்த கால்பேக் யூஆர்எல்லுக்கு, அதாவது செய்தி வாங்கிக்கற முகவரிக்கு, அனுப்பு”ன்னு பதிஞ்சு வெச்சுக்கும். நீங்க பப்ளிஷ் பண்ணினதும் உங்க சைட் ஹப்புக்கு ஒரு சின்ன பிங் குடுக்கும், ஹப் வந்து ஃபீடை எடுத்துட்டுப் போயி பதிஞ்ச எல்லாருக்கும் ஹெச்டிடிபி போஸ்ட் (POST) ரிக்வெஸ்ட்டா தள்ளிவிடும். உங்க சர்வர் மேல விழற அடி நூறு இருந்த இடத்துல ஒண்ணாயிடும், செய்தியும் சில செகண்ட்ல போய்ச் சேரும். ப்ளாகர்ல எழுதறவங்களுக்கு இது தானாவே இருக்கு, ஃபீடைத் தெறந்து பாத்தா கூகுளோட ஹப் முகவரி உள்ள கெடக்கும். வேர்ட்ப்ரெஸ்ஸை சொந்த ஹோஸ்டிங்ல வெச்சிருந்தா ப்ளகின் போட்டாகணும். யூட்யூபும் சேனல் அப்டேட்டை டெவலப்பர்களுக்கு இதே வழிலதான் தருது.

இதை வேற ரெண்டு விஷயத்தோட குழப்பிக்கிறாங்க, சட்டுனு சொல்லிடறேன். ப்ரௌசர்ல “நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா”ன்னு மணி அடிக்குமே, அது வெப் புஷ், வாசகர் கையில இருக்கற ப்ரௌசருக்குப் போறது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதே மாதிரி கூகுள் சர்ச்ல சீக்கிரம் வரணும்னு சைட்மேப் பிங் அடிச்சுக்கிட்டு இருந்தவங்க உண்டு, அதுவும் வேற, அதை 2023லயே கூகுள் மூடியாச்சு. மைக்ரோசாஃப்ட்டோட பிங் (Bing), யாண்டெக்ஸ் சர்ச் பக்கம், பக்கம் மாறினதைச் சொல்ல 2021லேர்ந்து இண்டெக்ஸ்நவ் இருக்கு, அது தனி.

இப்ப நெசமான பிரச்சனைக்கு வருவோம், ஏன்னா ப்ளகின் போட்டுட்டா முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. நான் அதிகமா பாக்குற கோளாறு கேஷ், அதாவது சீக்கிரம் குடுக்கறதுக்காக எடுத்து வெச்சிருக்கற நகல். நீங்க பப்ளிஷ் அமுக்கறீங்க, அடுத்த நொடியே பிங் போயிடுது, ஹப் ஓடி வந்து ஃபீடைக் கேக்குது, நடுவுல நின்னு நகலைக் குடுக்கற சர்வர் வலை, சிடிஎன், பத்து நிமிஷத்துக்கு முந்தி எடுத்து வெச்ச பழைய ஃபீடை எடுத்து நீட்டுது. ஹப் பாக்கும், போன தடவை பாத்ததேதான் இருக்கு, ஒண்ணும் மாறல, சரின்னு போயிடும். எந்த லாக்லயும் எரர் இருக்காது, பிங்குக்கு வெற்றின்னுதான் பதில் வந்திருக்கும், ஆனா ஒருத்தருக்கும் போயிருக்காது. அடுத்த போஸ்ட் போடும்போது ரெண்டும் சேந்து போகும், அதைப் பாத்துட்டு “சில சமயம் வேலை செய்யுது சில சமயம் செய்யல”ன்னு சொல்லுவாங்க. ஃபீட் யூஆர்எல்லை மட்டும் கேஷ்லேர்ந்து எடுத்துடுங்க, இல்ல பழைய நகலை அழிக்கற பர்ஜ் முடிஞ்சப்புறம் பிங் போற மாதிரி வரிசையை மாத்துங்க, ரெண்டுல ஒண்ணு.

அடுத்தது செல்ஃப் லிங்க். சைட்டை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாத்திட்டீங்க, ஃபீட்ல மட்டும் பழைய முகவரி உக்காந்திருக்கு. இல்ல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஒரு இடத்துல இருக்கு, இன்னொரு இடத்துல இல்ல. மனுஷனுக்கு ரெண்டும் ஒரே சைட்டு, ஹப்புக்கு அது வேற டாபிக் இது வேற டாபிக். சந்தாதாரர் பதிஞ்சது ஒண்ணுல, நீங்க பிங் அடிக்கிறது இன்னொண்ணுல. சைட் மைக்ரேஷன் முடிஞ்ச வாரமே இதைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், யாரும் பாக்கறதில்ல.

வாங்கற பக்கம், அதாவது ஆப்போ திரட்டியோ நடத்தறவங்க பக்கம் வேற தலைவலி. நீங்க சப்ஸ்க்ரைப் ரிக்வெஸ்ட் அனுப்பினதும் ஹப் நம்பிடாது, நம்பவும் கூடாது, யாரோ ஒருத்தன் உங்க கால்பேக்கைக் குடுத்து ஆயிரம் ஃபீடை உங்க தலையில கட்டிடலாம் இல்லையா. அதனால உங்க கால்பேக்குக்கு ஒரு கெட் ரிக்வெஸ்ட் வரும், அதுல ஹப் டாட் சேலஞ்ச்னு ஒரு புரியாத எழுத்துக் கோர்வை இருக்கும். அதை அப்படியே, ஒரு எழுத்து கூடாம குறையாம, வெற்றின்னு அர்த்தமுள்ள 200 வரிசை ஸ்டேட்டஸோட திருப்பித் தரணும். இங்கதான் ஃப்ரேம்வர்க் வெளையாடும், அந்தக் கோர்வையைச் சுத்தி டபுள் கோட்ஸ் போட்டு ஜேசானா அனுப்பும், இல்ல தீம் சேத்து முழு ஹெச்டிஎம்எல் பக்கமா அனுப்பும், இல்ல பாட் ப்ளாக்கர் குறுக்க வந்து அனுமதி இல்லன்னு 403 குடுக்கும். சந்தா உறுதியாகாது, உங்களுக்கும் ஒரு அறிவிப்பும் வராது. கால்பேக்ல ரீடைரக்டும் வெக்காதீங்க, நோட்டிஃபிகேஷன் வரும்போது 200 வரிசை பதிலைத் தவிர மத்தது எல்லாத்தையும் ஹப் ஃபெயில்னுதான் கணக்குல எடுத்துக்கும்.

அப்புறம் லீஸ். சந்தா ஆயுசுக்கும் கிடையாது, ஹப் இத்தனை செகண்டுன்னு ஒரு கெடு வெச்சிருக்கும், நீங்க கேட்ட கெடுவை அது மதிக்கணும்னும் கட்டாயம் இல்ல. சரிபார்க்க வர்ற அந்த ரிக்வெஸ்ட்லயே எவ்வளவுன்னு சொல்லியிருக்கும், அதை டேட்டாபேஸ்ல எழுதி வெச்சு முடியறதுக்கு முந்தியே புதுப்பிக்கணும். டெவலப்பர் டெஸ்ட் பண்ணுவார், அருமையா வரும், டெமோ காட்டுவார், கைதட்டு வாங்குவார், கொஞ்ச நாள் கழிச்சு சத்தமே இல்லாம நின்னுடும். நின்னதுக்கு எரர் மெசேஜ் கிடையாது, செய்தி வரலங்கறதே ஒரே அறிகுறி, அதையும் “இன்னிக்கு அவங்க ஒண்ணும் போடல போல”ன்னு நெனைச்சு விட்டுடுவோம். அதனால போலிங்கை ஒரேடியா தூக்கி எறியாதீங்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பாருங்க, அப்படிப் பாக்கும்போது ஹப் வழியா வராத ஐட்டம் ஃபீட்ல இருந்தா அதுதான் உங்க அலாரம்.

எழுதறவங்க, எடிட்டருங்க காதுல ஒண்ணு போடணும். போலிங் காலத்துல தப்பா போட்டுட்டா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம், பாதிப் பேர் பாத்திருக்கவே மாட்டாங்க. இப்ப அந்த அவகாசம் கிடையாது. ஹப் தள்ளிவிடறது வெறும் “வந்து பாரு” இல்ல, ஃபீட்ல என்ன இருக்கோ அது அப்படியே போகுது, முழுக் கட்டுரையும் ஃபீட்ல இருந்தா முழுக் கட்டுரையும். இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வெக்கறவங்க, தேர்தல் முடிவுக்கு ரெண்டு தலைப்பு தயாரா வெக்கறவங்க, எம்பார்கோ, அதாவது இன்ன நேரம் வரைக்கும் வெளியிடக் கூடாதுங்கற கட்டுப்பாடு, இருக்கற ஆராய்ச்சிச் செய்தியைக் கையாளறவங்க, உங்க ட்ராஃப்ட்டு கை தவறி பப்ளிஷ் ஆனா அடுத்த நிமிஷம் அது எத்தனையோ பேர் டேட்டாபேஸ்ல இருக்கும், நீங்க சைட்ல டெலீட் பண்றதால அங்க ஒண்ணும் அழியாது. பப்ளிஷ் பண்ணதுக்கப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் தள்ளி பிங் போற மாதிரி வெச்சுக்கறது தப்பே இல்ல, என்னைக் கேட்டா ப்ரேக்கிங் நியூஸைத் தவிர எல்லாத்துக்கும் அப்படித்தான் வெக்கணும்.

தலைப்பைத் திருத்தினாலும் அறிவிப்பு போகும், அதையும் கவனிங்க. யூட்யூப்ல வீடியோ ஏத்தினா மட்டும் இல்ல, டைட்டில், டிஸ்கிரிப்ஷன் மாத்தினாலும் வரும். வாங்கற பக்கம் ஐட்டத்தோட ஐடியை வெச்சு ஒப்பிடாம தலைப்பை வெச்சு ஒப்பிட்டா, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினதுக்கு வாசகர் போன்ல ரெண்டாவது தடவை டிங்குனு அடிக்கும். எழுத்துப்பிழையை ஊரைக் கூட்டிச் சொன்ன கணக்கு.

கடைசியா பாதுகாப்பு. கால்பேக் யூஆர்எல் தெரிஞ்ச எவனும் ஒரு போலிச் செய்தியை அங்க போஸ்ட் பண்ணலாம், உங்க ஆப் அதை நம்பி லட்சம் பேருக்கு அனுப்பிடும். அதனால யூஆர்எல்லை யாரும் யூகிக்க முடியாத மாதிரி ஃபீடுக்கு ஒண்ணா வெக்கணும், சப்ஸ்க்ரைப் பண்ணும்போது ஒரு சீக்ரெட்டும் குடுக்கணும். ஹப் ஒவ்வொரு தடவையும் அந்த சீக்ரெட்டை வெச்சு பாடிக்கு, அதாவது அனுப்பற உள்ளடக்கத்துக்கு, ஹெச்மேக்ங்கற கையெழுத்துக் கணக்குப் போட்டு எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர் ஹெடர்ல அனுப்பும், நீங்களும் அதே கணக்கைப் போட்டுப் பாத்து ஒத்து வரலன்னா தூக்கிப் போட்டுடணும். இதுல நம்ம மொழிக்காரங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு. கணக்கை வந்து சேந்த பைட்டுங்க மேல அப்படியே போடணும். அதுக்கு முந்தியே உங்க ஃப்ரேம்வர்க் பாடியை ஸ்ட்ரிங்கா மாத்தி, அதுவும் யூடிஎஃப்-8னு எடுத்துக்காம லத்தீன்-1னு எடுத்துக்கிட்டு (ரெண்டும் எழுத்தை பைட்டா வெக்கற முறைங்க), மறுபடி யூடிஎஃப்-8ல பைட்டா மாத்தினா, முழுக்க ஆங்கிலத்துல இருக்கற ஃபீடுக்கு ஒரு பிரச்சனையும் வராது, ஏன்னா அந்த எழுத்துங்க ரெண்டு முறையிலயும் ஒரே பைட்டுதான். தமிழ் எழுத்து ஒண்ணு இருந்தாலும் போச்சு, யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் மூணு பைட்டோ அதுக்கு மேலயோ, கையெழுத்து ஒத்தே வராது. டெவலப்பர் ஹெல்லோ வேர்ல்டுன்னு ஒரு டெஸ்ட் ஃபீடை வெச்சுப் பாத்துட்டு ஓகேன்னுடுவார், லைவ்ல தமிழ்ச் செய்தி அத்தனையும் போலின்னு குப்பைக்குப் போயிட்டிருக்கும். இதைச் சரி பண்ணத் தெரியாம சிக்னேச்சர் செக்கையே கமெண்ட் பண்ணி வெச்சிருக்கற கோடை நான் ஒரு இடத்துல இல்ல, பல இடத்துல பாத்திருக்கேன். அப்படிப் பண்ணாதீங்க, ரா பாடியை, அதாவது வந்த பைட்டுங்களை அப்படியே, எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்க, டெஸ்ட் போஸ்டுக்குத் தலைப்பை தமிழ்லயே வைங்க.