சொல் விளக்கம்: பாயிண்ட் இன் டைம் கவுண்ட்

கனடாவில் வீடற்றோர் பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் இது. குறித்த ஓர் இரவில் தெருவிலும் காப்பகத்திலும் தங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. பாயிண்ட் என்பது இங்கே புள்ளியல்ல, வேளை. ஓராண்டில் வீடிழந்தோர் எல்லோரையும் கூட்டும் கணக்கு வேறு, அது எப்போதும் பெரிதாக இருக்கும். அமெரிக்காவில் இதை ஜனவரியின் கடைசிப் பத்து நாள்களுக்குள் எடுப்பார்கள். கனடா கூட்டாட்சி அரசு ஒருங்கிணைத்த முதல் சுற்று 2016இல் நடந்தது.

'காலப்புள்ளி எண்ணிக்கை' என்று பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. 'ஓரிரவுக் கணக்கெடுப்பு' சரியாக அமைகிறது. பேட்டி பகலில் நடந்தாலும் கேள்வி "இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள்?" என்பதுதான்.

2018 சுற்றில் பதில் சொன்னவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் பூர்வகுடியினர். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 5 சதவீதமே. அந்த 30 சதவீதமும் குறைந்த கணக்குதான். நகரத்துக்கு வந்த பூர்வகுடியினர் பலர் தெருவில் படுப்பதில்லை. அத்தை வீட்டு சோபாவில் நாலு நாள், நண்பர் வீட்டில் ஒரு வாரம். ஆங்கிலத்தில் கவுச் சர்ஃபிங் எனப்படும் இதற்கு நம்மிடம் 'ஒண்டியிருத்தல்' இருக்கிறது. (ஒண்டுக்குடித்தனம் வேறு, அங்கே வாடகை உண்டு.) "விரும்பும்வரை பாதுகாப்பாகத் தங்க நிலையான இடம் உண்டா?" என்று படிவம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கணக்கெடுப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வீடில்லை என்று சொன்னால் பிள்ளையைக் குழந்தை நலத்துறை எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சும் தாயும் வாய் திறக்கமாட்டார்.

மேடி-க்ரீ பூர்வகுடியைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெஸ்ஸி திசில் 2017இல் தந்த வரையறை பூர்வகுடியினரின் வீடின்மையைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறது. நிலம், நீர், உறவு, மொழி ஆகியவற்றிலிருந்து அறுபடுவதும் அதில் அடங்கும். ஓரிரவுக் கணக்கால் இதைத் தொட முடியாது.

ஹாமில்டனிலும் டொராண்டோவிலும் பூர்வகுடி அமைப்புகளே முன்னின்று நடத்திய 'அவர் ஹெல்த் கவுண்ட்ஸ்' (Our Health Counts) என்னும் உடல்நல ஆய்வுகள் வேறு வழியில் போயின: 'சங்கிலிவழி மாதிரியெடுப்பு'. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் வகுத்த முறை. சமூகத்தில் பலரை அறிந்த சிலர் 'விதைகள்'. ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட மூன்று முதல் ஐந்து சீட்டு. தனக்குத் தெரிந்தவரிடம் கொடுத்து அனுப்பினால், வந்தவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை. ஒவ்வொருவரிடமும் "இந்த நகரத்தில் உங்களுக்குத் தெரிந்த பூர்வகுடியினர் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும், ஐம்பது பேரை அறிந்தவர் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் அவர் பதிலுக்கு எடை குறைவு. அந்த எண்ணை ஆளாளுக்கு ஊகித்துச் சொன்னால் கணக்கே சாயும். விதைகள் எல்லாம் ஒரே காப்பகத்து ஆட்களானால் சங்கிலி அங்கேயே சுற்றும். சீட்டு விலைக்குப் போவதும், ஒருவரே இருமுறை வருவதும் நடக்கும்.

இப்படி எடுத்தபோதுதான் டொராண்டோவின் பூர்வகுடி மக்கள்தொகை அரசுக் கணக்கைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு என்று தெரிந்தது.